சரித்திரமும் நெட்டுருவும்

பரீட்சை நெருங்கிவிட்டது என்பதை அறியப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. அதிகாலையில் தெருவோடு நடந்து போனால் போதும். வீட்டுக்கு வீடு சரித்திர பாராயணம் நடப்பது காதில் விழும். "1799 ஸ்ரீரங்கப்பட்டணம், 1806 வேலூர், 1857 மீரத்" என்று சகஸ்ரநாம அர்ச்சனையைப் போல் ஆண்டுகள் உருண்டோடும். பத்து முறை சொன்னதும் பாடம் வந்துவிட்டதென்று புஸ்தகத்தை மூடிவிடுகிறார்கள். பரீட்சை மண்டபத்திலோ, "வேலூர்ப் புரட்சியின் காரணங்கள் யாவை?" என்று கேள்வித்தாள் கேட்கிறது. ஆண்டு ஓடி வருகிறது. காரணம் வர மறுக்கிறது. மார்க்கு வந்ததும் வீட்டார், "இவளுக்கு ஞாபகசக்தியே கிடையாது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் செய்வதே இந்த வாரம் நமது நோக்கம்.

ஒரு முறை பார்த்த சினிமாவின் கதையை விட்ட இடம் தெரியாமல் ஒப்புவிக்கும் குழந்தைக்கு ஞாபகசக்தி இல்லையென்று எப்படிச் சொல்வது? சினிமாக் கதை நினைவில் நிற்பதற்குக் காரணம், ஒரு நிகழ்ச்சி அடுத்த நிகழ்ச்சியை இழுத்துக்கொண்டு வருவதுதான். சரித்திரத்திலும் அத்தகைய தொடர்ச்சி இருக்கிறது. நாமோ நூலை அறுத்து எறிந்துவிட்டு மணிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வேலூர் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10 என்ற தேதியை உருப்போடுமுன், "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள்? தோற் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணியும்படி கும்பெனியார் உத்தரவிட்டார்கள். அது பார்வைக்கு ஐரோப்பியர் தொப்பியைப் போல் இருந்தது. உடுப்பு அணிந்திருக்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது என்றும் கட்டளை பிறந்தது. தலைப்பாகைக்கா இத்தனை கலவரம்? தங்களை மதம் மாற்றுவதற்கு இது முதற்படி என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. சரி, வேலூரில் ஏன்? 1799-இல் திப்பு சுல்தான் போரில் மாண்ட பின், அவருடைய பிள்ளைகளை அந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். பின் ஏன் ஒரே நாளில் அடங்கிவிட்டது? ஆர்க்காட்டில் குதிரைப் படை இருந்தது. கில்லெஸ்பி என்னும் அதிகாரி அதனுடன் விரைந்து வந்துவிட்டார். தேசப்படத்தை விரித்து, ஆர்க்காட்டுக்கும் வேலூருக்கும் இடையே விரலை வைத்துப் பார்க்கும் பெண் இதை ஒருநாளும் மறக்கமாட்டாள். முடிவு என்ன? தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இவ்வளவும் புஸ்தகத்தில் ஒன்றிரண்டு பக்கமே இருக்கும். ஆனால் 1799-உம் 1806-உம் இப்போது ஒரே நூலில் கோக்கப்பட்டுவிட்டன. 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிப் படிக்கும்போது, "இது வேலூரில் கண்ட சங்கதியாயிற்றே!" என்று மனம் தானாகவே சொல்லும்.

அடுத்தபடியாகச் செய்ய வேண்டியது, புஸ்தகத்தை மூடுவது. படித்த பகுதியை வெற்றுத் தாளில் சொந்த வார்த்தைகளில் எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு திறந்து, விட்டவற்றை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இதை மாணாக்கர் விரும்புவதில்லை. திரும்பத் திரும்பப் படிப்பது சுகமாயிருக்கிறது, எல்லாம் தெரிந்துவிட்டது போல் தோன்றுகிறது. இந்தச் சுகம் எவ்வளவு ஏமாற்றுவது என்பதை ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரண்டு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகிறது. ஒரு பகுதியை மாணவர் சிலர் இருமுறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ அவர்களுக்கு நினைவிருந்தது நூற்றுக்கு 42 பங்கு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 பங்கு. பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள்.

விடைத்தாள் திருத்துகிறவர்கள் காணும் இன்னொரு குறையையும் இங்கே சொல்லிவிடுகிறோம். காரணங்களை எழுதச் சொன்னால் சிலர் கதை முழுவதையும் எழுதுகிறார்கள். விளைவுகளை எழுதச் சொன்னாலும் அதே கதைதான். காரணம், நிகழ்ச்சி, விளைவு என்று தாளில் மூன்று பத்தி பிரித்து எழுதிப் பழகினால் இந்தக் குறை நீங்கும். அத்தியாயத்தின் இறுதியிலுள்ள கேள்விகளை முதலிலேயே பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குவதும் நல்லது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுகிறவனுக்குத்தான் பொருள் அகப்படும். ஒரே இரவில் ஐந்து மணி நேரம் விழிப்பதைவிட, ஐந்து நாள் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மேல். பரீட்சைக்கு முந்தைய இரவு தூங்குவதற்காக ஏற்பட்டது.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பாடம் ஒப்புவிக்கச் சொல்லும்போது, புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார்க்க வேண்டாம். "அப்புறம் என்ன ஆயிற்று? ஏன் அப்படிச் செய்தார்கள்?" என்று கேளுங்கள். கட்டளை இட்டவன் ஏன் இட்டான், மறுத்தவன் ஏன் மறுத்தான் என்று கேட்டுப் பழகிய குழந்தை, வளர்ந்து ஓட்டுப் போடும் வயதிலும் அந்தப் பழக்கத்தை விடாது. மார்க்கு அதற்குள் மறந்து போயிருக்கும்.

ஆகவே இன்று மாலை மகள் வேலூர்க் கதையைச் சொல்லட்டும். தகப்பனார் கைப்பேசியைச் சற்றுக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும். தீர்ப்பை அதன் பிறகு வழங்கலாம்.