குழாய் வந்தால் வரிசை போகுமா?

"இனி கேஸுக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை சேர், திருகோணமலைக்குக் குழாய் வருகுது" என்று வவுனியாவில் ஆசிரிய நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் கைச்சாத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தோடு பேசப்படும் குழாய், பெற்றோல், டீசல் போன்றவற்றைக் கொண்டு வருவதற்கானது. சமையல் எரிவாயு முன்போலவே கெரவலப்பிட்டிக்கும் அம்பாந்தோட்டைக்கும் கப்பலில்தான் வரும்.

சரி, டீசலாவது தட்டுப்பாடின்றிக் கிடைக்குமா? 2022 ஐ நினைத்துப் பாருங்கள். அன்று கப்பல் வராமல் போகவில்லை. வந்த கப்பலுக்குக் கொடுக்க டொலர் இருக்கவில்லை. எரிவாயுக் கப்பல் கடலில் காத்து நின்றது, நாம் வெற்றுச் சிலிண்டரோடு வீதியில் நின்றோம். ஜூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளையும் மூடினார்கள். அப்போது எரிபொருளுக்கு இந்தியா தந்த 50 கோடி டொலரும் கடன்தான். குழாயால் போக்குவரத்துச் செலவு குறையலாம், பில் குறையாது. பணம் கட்டாவிட்டால் குழாயும் மூடப்படும்.

கப்பலென்றால் இன்னொரு நாட்டிடம் வாங்கலாம். குழாயின் மறுமுனை ஒரே நாட்டில்தான். ரஷ்யாவின் குழாயை நம்பியிருந்த ஜேர்மனி 2022 இல் பட்ட பாடு தெரிந்ததே. அது பணக்கார நாடு, வேறிடத்தில் வாங்கிச் சமாளித்தது. நம்மால் முடியுமா?

முஸ்லிம் நாடொன்றும் பங்காளி என்பதில் நம்மவர் சிலருக்கு மகிழ்ச்சி. அமீரகம் வருவது முதலீட்டாளராக. அதில் பிழையில்லை, ஆனால் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

திருகோணமலையின் 99 எண்ணெய்த் தாங்கிகளில் 61 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து நடத்த 2022 ஜனவரியில் உடன்பட்டன. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். குழாயில் நம் பங்கு எவ்வளவு? விலையை நிர்ணயிப்பது யார்? விநியோகம் நின்றால் இழப்பீடு உண்டா? நம் வன்னி எம்.பி.மார் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டியவை இவை.

வன்னியிலேயே பூநகரியில் காற்று இருக்கிறது. அங்கும் மன்னாரிலும் 484 மெகாவோட் காற்றாலை அமைக்கவிருந்த அதானி நிறுவனம், அலகுக்கு 8.26 சதம் என்ற டொலர் விலையை அரசு மீளப் பேச முற்பட்டதும் 2025 பெப்ரவரியில் விலகியது. அந்த விலை அதிகமென்றே நானும் நினைத்தேன். ஆனால் அதற்குப் பதிலாகப் பூநகரி மக்களையும் கேட்டு, நியாயமான விலையில் அங்கே மின்சாரம் எடுக்கும் திட்டத்தைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். குழாயை அதற்குப் பிறகு பேசலாம்.