ஞானப்பூ அம்மாளையும் சொல்லுங்கள்

ஜனவரி 14 என்றால் நமக்குப் பொங்கல் நினைவு. கத்தோலிக்க வீடுகளில் அன்றுதான் புனித தேவசகாயம் திருநாளும். 1752-ஆம் ஆண்டு அதே தேதியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத இந்தியர் ஒருவருக்கு இந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. கல்யாணம் செய்துகொண்டு, அரண்மனை உத்தியோகம் பார்த்து, குடித்தனம் நடத்திய மனிதர்.

ஆனால் அவர் கதையைச் சொல்கிறவர்கள் அந்தக் குடித்தனத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். இது என் நெடுநாள் வருத்தம்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர், இயற்பெயர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரத்தில் வேலை. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்த டி லனாய் இவருக்குச் சிநேகிதரானார். (பிரான்சின் அராஸ் ஊரில் பிறந்தவர் அவர். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த என் வாயில் அந்தப் பெயர் 'து லனுவா' என்றுதான் வரும். வீட்டில் சிரிக்கிறார்கள்.) ஆடுமாடு போய், சொத்து போய் மனம் உடைந்திருந்த சமயத்தில் டி லனாய் சொன்ன யோபுவின் கதை அவரைத் தொட்டது என்பார்கள். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 'லாசர்' என்பதன் தமிழ்தான் 'தேவசகாயம்'.

அவர் மனைவி பார்கவி அம்மாள். அவரும் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். சொந்த நாட்டில் இருந்தால் ஆபத்து என்று திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 1749 பிப்ரவரியில் கணவர் கைது. மூன்று வருஷம் விலங்கு, அடி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக ஊர்வலம். ஏன் கொன்றார்கள் என்பதில் ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அந்த மூன்று வருஷமும் அந்த அம்மாள் எப்படி அடுப்பு மூட்டினார் என்பதுதான் என் கேள்வி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்ஷன் பார்த்தவன் நான். ஒருவர் சஸ்பெண்ட் ஆனால் கோப்பில் அவர் பெயர் மட்டும் இருக்கும். பிழைப்பூதியம் எப்போது வரும் என்று கேட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி. குற்றச்சாட்டு நிற்குமோ நிற்காதோ, ரேஷன் கடையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஞானப்பூ அம்மாளுக்குப் பிழைப்பூதியமும் கிடையாது. பிறந்த வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை.

கோயில்களில் அவர் கதையைச் சொல்லும்போது விலங்கு வருகிறது, எருமை வருகிறது, புலியூர்க்குறிச்சியில் பாறையிலிருந்து தண்ணீர் வந்ததும் வருகிறது. அந்த அம்மாளுக்கு ஒரு வரி. யோபுவின் மனைவிக்கும் பைபிளில் ஒரே வசனம்தான் என்று ஒரு கத்தோலிக்க நண்பர் சமாதானம் சொன்னார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. எங்கள் ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாள் கதையைப் பெரியாழ்வார் இல்லாமல் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். வளர்த்த தகப்பனை விட்டுவிட்டு அந்தப் பக்தியைச் சொல்ல முடியாது என்று ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

புனிதர் பட்டத்துக்கு முன்னால் அவர் பெயரோடு இருந்த சாதிப் பெயரை வத்திக்கான் எடுத்துவிட்டது. நல்ல காரியம். பெயரைத் திருத்த மனம் வந்தவர்களுக்கு, பிரசங்கத்தில் மனைவிக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குவது பெரிய வேலையா?

புனிதரின் உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. கூட்டம் அங்கே போகிறது. அந்த அம்மாளின் கல்லறை வடக்கன்குளத்தில். நம் பக்கத்திலிருந்து திருநெல்வேலி, வள்ளியூர் வழியாகப் போகிறவர்களுக்கு அந்த ஊர் கோட்டாற்றுக்கு முன்னாலேயே வந்துவிடும். இந்தத் தை மாதம் வண்டி பிடித்துப் போகிறவர்கள் முதலில் அங்கே இறங்குங்கள்.