லைற் அணைஞ்சா திருத்தமா?

2020 மார்ச்சில நிப்பாட்டின தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் தொடங்கினது. கொடிகாமத்திலயும் பழைய ஜப்பான் கார்களை வைச்சுத்தான் இவ்வளவு காலமும் சமாளிச்சம். ஆனா எஞ்சின் லைற் எரிஞ்சா, ஸ்கானரைக் கொழுவிக் குறியீட்டை அழிச்சுப்போட்டு வாறம். இல்லாட்டி ஊகத்தில சென்சர் மாத்திறம். இரண்டுமே காசுக்குக் கேடு.

பி0171 எண்டு வந்தால், எஞ்சினுக்குள்ள காற்று கூட, பெற்றோல் குறைவு எண்டு மட்டுந்தான் அர்த்தம். வெடிச்ச வக்கூம் குழாய், ஊத்தை பிடிச்ச காற்று சென்சர், பலமிழந்த பெற்றோல் பம்ப், எதுவும் காரணமாகலாம். குறியீடு காய்ச்சல் மாதிரி; நோயைத் தேடத்தான் வேணும்.

"அண்ணை, சாமானை மாத்த முதல் சோதிச்சுப் பாருங்கோ" எண்டு கேட்கப் பழகுவம். சோதனைக்கும் கூலி குடுப்பம். லைற் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் உடன காரை ஓரங்கட்டுவம்: எரியாத பெற்றோல் போய் கற்றலிற்றிக் கொன்வேட்டரையே கெடுத்துப்போடும்.