மாடு மருந்தா, வேலை மருந்தா?

மனம் சோர்ந்திருந்தால் பண்ணைக்குப் போங்கள், ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடியுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் காணொளிகளை மாணவர்கள் என்னிடம் காட்டுவார்கள். "இது உண்மையா டீச்சர்?" என்றும் கேட்பார்கள். பாதி உண்மை என்பேன். மீதிப் பாதி சாணி அள்ளுவதில் இருக்கிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை.

நார்வே, நெதர்லாந்து போன்ற நாடுகளில் 'பராமரிப்புப் பண்ணைகள்' உள்ளன. இவை சுற்றுலாத் தலங்கள் அல்ல. பாலும் இறைச்சியும் உற்பத்தி செய்யும் உண்மையான பண்ணைகள். மனநலச் சிக்கல் உள்ளவர்கள் குறிப்பிட்ட நாள்களில் அங்கு வந்து விவசாயியுடன் சேர்ந்து வேலை செய்கிறார்கள். நெதர்லாந்தில் மட்டும் இத்தகைய பண்ணைகள் 1,000-க்கும் அதிகம்.

இதனால் பலன் உண்டா? நார்வேயில் 90 மனநல நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. குலுக்கல் முறையில் 60 பேர் பண்ணைக்கு அனுப்பப்பட்டனர். 30 பேர் கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்தனர். இரு குழுவினருக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. பண்ணைக் குழுவினர் வாரம் இரு முறை, மூன்று மணி நேரம் வீதம், 12 வாரங்கள் கால்நடைகளைக் கவனித்தனர். 12 வாரம் முடிந்தபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து அளந்தபோதுதான், 'என்னால் முடியும்' என்ற தன்னம்பிக்கை பண்ணைக் குழுவினரிடம் கூடியிருந்தது.

மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்த இன்னொரு நார்வே ஆய்வு இதைவிடச் சுவையானது. அவர்கள் பண்ணையில் என்ன செய்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் காணொளியில் பதிவு செய்தனர். மாட்டைத் தொட்டுக்கொண்டு சும்மா நிற்பதைவிட, வேலை செய்வதில்தான் கூடுதல் பலன் தெரிந்தது. அதுவும் அந்த வேலையில் திறமை வளர்ந்தபோது மட்டுமே.

இதற்கு என் விளக்கம் இதுதான். பால் கறக்கும்போது மடியைத் தொட்டதும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை வெளியிடுகிறது, பால் இறங்குகிறது. மாடு மிரண்டால் அட்ரினலின் குறுக்கிட்டு அதைத் தடுத்துவிடும். ஆகவே, கறப்பவர் முதலில் தம்மை அமைதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சரியாகச் செய்தால் பால் வரும்; பதறினால் வராது. மாடு முகத்துக்காகப் பாராட்டாது. அதனால்தான் அது தரும் வெற்றியை மனம் நம்புகிறது.

ஆனாலும் அளவோடு நம்ப வேண்டும். இந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் குறைவு. மேலும், மருந்து ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். போலி மாட்டைக் கொடுக்க முடியாது! தாம் பண்ணைக்குப் போனது நோயாளிக்குத் தெரியும். பலனில் எவ்வளவு மாட்டால் வந்தது, எவ்வளவு விவசாயியின் அன்பால் வந்தது, எவ்வளவு எதிர்பார்ப்பால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

மாணவர்களே, ஆட்டுக்குப் புல் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது இன்பமான பொழுதுபோக்கு. அதைச் சிகிச்சை என்று அழைக்காதீர்கள். மனம் தொடர்ந்து கனத்தால் பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். நார்வே நோயாளிகளும் மருத்துவத்தை விட்டுவிட்டுப் பண்ணைக்குப் போகவில்லை.

அதோடு, உங்களை நம்பி வாழும் ஓர் உயிரை ஏற்றுக்கொள்ளுங்கள். மாடு வேண்டாம்; நான்கு கோழியோ, பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தி கீரையோ போதும். விடுமுறையிலும் மழையிலும் அதற்குத் தண்ணீரும் தீனியும் உங்கள் கையால் போகட்டும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள். 12 வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டாலும் நிறுத்திவிடாதீர்கள்.