அடுத்த தோட்டத்துக்குத் தள்ளிவிடுவது தண்டனையல்ல

ஆட்டத்தில் கெட்டிக்காரன், ஆனால் கை நீட்டுகிறான். இப்படிப்பட்ட உதைபந்தாட்டக்காரனை அணி வைத்துக்கொள்வதா, இன்னோர் அணிக்குக் கொடுத்துவிடுவதா? ஐரோப்பாவில் இது கோடிகள் புரளும் கேள்வி. பூனாகலையில் தொடங்கி ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை வரை கிடக்கும் தோட்டங்களில் இதன் விலை ஒரு சோடி பூட்ஸ், பஸ் காசு, ஆட்டம் முடிந்ததும் ஒரு சோத்துப் பார்சல். விலை சிறிதானாலும் கேள்வி அதேதான். சுற்றுப்போட்டி என்று அறிவித்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் எடுப்பதும், நம் பையனைக் கேட்டு அவர்கள் வருவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. கேட்டு வருவது முரட்டுப் பையனை என்றால் கொடுக்கிறவர்களுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. தொல்லை விட்டது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்தத் தூக்கம் நியாயமானதல்ல என்பதே நமது கருத்து.

உலகறிந்த வழக்கு ஒன்றைப் பார்ப்போம். உருகுவே நாட்டின் லூயிஸ் சுவாரெஸ் 2010 நவம்பரில் நெதர்லாந்தின் அஜக்ஸ் கழகத்துக்கு ஆடியபோது எதிரணி வீரர் ஒருவரின் தோளைக் கடித்தார். ஏழு ஆட்டங்களுக்குத் தடை விழுந்தது. 2011 ஜனவரி முடிவில் அஜக்ஸ் அவரை லிவர்பூலுக்கு விற்றுக் காசாக்கியது. 2013 ஏப்ரலில் லிவர்பூல் சட்டையோடு செல்சி வீரர் இவானோவிச்சைக் கடித்தார். தடை பத்து ஆட்டங்கள். 2014 ஜூன் 24 அன்று உலகக் கிண்ணப் போட்டியில் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்தார். பீபா ஒன்பது சர்வதேச ஆட்டங்களுக்கும், அதோடு நான்கு மாதங்கள் எல்லா உதைபந்தாட்டத்திலிருந்தும் அவரைத் தடை செய்தது. அடுத்த மாதமே பார்சிலோனா வாங்கிக்கொண்டது. 2025இல் அமெரிக்காவில், 38 வயதில், ஓர் இறுதியாட்டம் முடிந்தபின் எதிரணி ஊழியர் ஒருவர்மீது துப்பி மறுபடியும் தடை வாங்கினார். சட்டையின் நிறம் மாறிக்கொண்டே இருந்தது, ஆள் அவரேதான். அவரது ஆட்டம் அற்புதம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 2013–14 பருவத்தில் இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் மட்டும் 31 கோல்கள் அடித்தவர் அவர்.

இந்தக் கதையில் லிவர்பூலின் குற்றம் என்ன? விற்றது குற்றமல்ல. விற்காமல் வைத்திருந்ததும் குற்றமல்ல. 2011 ஒக்டோபரில் மன்செஸ்டர் யுனைட்டட்டின் கறுப்பின வீரர் பற்றிஸ் எவ்ராவை அவர் நிறத்தைச் சொல்லித் திட்டினார் என்று விசாரணையில் முடிவாகி, சுவாரெஸுக்கு எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண் அபராதமும் விதிக்கப்பட்டன. அடுத்த ஆட்டத்துக்கு முன்னான பயிற்சியில் லிவர்பூல் வீரர்கள் அத்தனை பேரும் சுவாரெஸின் படம் போட்ட சட்டை அணிந்து வந்து நின்றார்கள். குற்றம் அங்கேதான் நடந்தது. அடிபட்டவன் பக்கம் ஒரு பார்வைகூடத் திரும்பவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 2019இல், அந்தச் சட்டையை அணிந்தவர்களில் ஒருவரான ஜேமி கராகர் தொலைக்காட்சியில் எவ்ராவின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். நம் தோட்டங்களில் அப்படிச் சட்டை அச்சடிக்க எவரிடமும் காசில்லை. ஆனால் நடுவரைத் தள்ளிவிட்ட பையனைத் தோளில் தூக்கி வந்து, "எங்க பையன்மேல கை வச்சுப் பாரு" என்று கத்துவதற்குக் காசு வேண்டாமே. அதுவும் அதே சட்டைதான்.

இதற்கு நேரெதிராக மன்செஸ்டர் யுனைட்டட் நடந்துகொண்டதைச் சொல்லியாக வேண்டும். 1995 ஜனவரி 25 அன்று கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிக்கொண்டிருந்த எரிக் கன்டோனா, தன்னைத் திட்டிய பார்வையாளர்மீது வேலிக்கு மேலாகப் பாய்ந்து உதைத்தார். பிரான்ஸில் நடுவர்மீது பந்தை எறிந்து தடைபட்டு, தடை விதித்த குழுவினரையும் ஏசி, ஆட்டத்தையே விடுவதாக அறிவித்த மனிதர் அவர். வேறு கழகமாக இருந்தால் மறுநாளே விலை பேசியிருக்கும். யுனைட்டட் செய்தது என்ன தெரியுமா? மேலிடத்துத் தீர்ப்பு வருமுன் தானே அவரை அந்தப் பருவம் முழுவதற்கும் நிறுத்தியது, 20,000 பவுண் அபராதமும் போட்டது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தடையைச் செப்டெம்பர் முடிவுவரை நீட்டியது. நீதிமன்றம் முதலில் இரண்டு வாரச் சிறை என்றது. மேன்முறையீட்டில் அது 120 மணிநேரச் சமூக சேவையாக மாறியது. அந்த மணிநேரங்களில் கன்டோனா சிறுவர்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தார்.

அவரில்லாத அந்தப் பருவத்தில் யுனைட்டட் லீக் பட்டத்தை பிளக்பேர்னிடம் இழந்தது, ஒரே ஒரு புள்ளியில். ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு; அந்தக் கழகம் அதைக் கொடுத்தது. ஓகஸ்டில் கன்டோனாவே சலித்துப்போய் விலகக் கேட்டபோது, முகாமையாளர் அலெக்ஸ் பெர்கசன் பாரிஸுக்கே போய்ப் பேசித் திருப்பி அழைத்து வந்தார். 1995 ஒக்டோபர் 1 அன்று மைதானத்துக்குத் திரும்பியவர், அந்தப் பருவத்தின் முடிவில் லீக் பட்டத்தையும் சங்கக் கிண்ணத்தையும் அணிக்குப் பெற்றுத் தந்தார். கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவருடையது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கன்டோனாவே யுனைட்டட்டுக்கு விற்கப்பட்டு வந்தவர்தான். 1992 நவம்பரில் லீட்ஸ் கழகம் அவரை 12 இலட்சம் பவுணுக்குக் கைகழுவியது. அந்த மாற்றம் அவருக்கு நல்லதாகவே முடிந்தது. அப்படியென்றால் இடம் மாற்றுவதே தவறு என்று சொல்ல முடியுமா? முடியாது. வாங்கியவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவரைச் சமாளிக்கும் பொறுப்பைத் தெரிந்தே தலையில் ஏற்றுக்கொண்டார்; வித்தியாசம் அங்கே இருக்கிறது. நம்மூரில் நடப்பது வேறு. "நல்ல பையன், கொஞ்சம் சூடு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். போன தடவை ஒரு பையனின் பல்லை உடைத்த கதை பின்னால்தான் தெரியவரும். இது மாட்டுச் சந்தைத் தரகு, விளையாட்டல்ல.

கொல்கத்தா இன்னொரு விதமாகத் தவறியது. ஈரானின் 1978 உலகக் கிண்ண அணியில் இருந்த மஜித் பிஷ்கர் 1980இல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆட வந்தார். அவரைப் போன்ற வெளிநாட்டு வீரரை அந்நகரம் அதற்குமுன் கண்டதில்லை என்று இன்றும் பழைய இரசிகர்கள் சொல்கிறார்கள். பின்னர் மொஹமெடன் ஸ்போர்ட்டிங்குக்கு மாறினார், ஆட்டம் சரிந்தது, போதைப் பழக்கத்தோடு அவர் பெயர் அடிபட்டது, ஊர் திரும்பினார். 2019இல் ஈஸ்ட் பெங்கால் தன் நூற்றாண்டு விழாவுக்கு அழைத்து அவருக்கு மாலை போட்டது. விழுந்துகொண்டிருந்த நாளில் யார் கை கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளில்லை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது, கிரிக்கெட்டில். 2021 ஜூனில் இங்கிலாந்தின் டர்ஹமில் கொவிட் பாதுகாப்பு வளையத்தை மீறி வெளியே போன குசல் மெண்டிஸ், நிரோஷன் திக்வெல்ல, தனுஷ்க குணதிலக்க ஆகிய மூவருக்கும் ஸ்ரீலங்கா கிரிக்கெட் ஓராண்டு சர்வதேசத் தடை விதித்தது. ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் அபராதம். உள்ளூர் ஆட்டங்களுக்கு விதித்த தடை ஆறு மாதம் மட்டுமே. உளவள ஆலோசனைக்கு ஒரு மருத்துவரையும் நியமித்தது. மூவரும் வேண்டிக்கொண்டபின், அந்த மருத்துவரின் அறிக்கையைப் பெற்று 2022 ஜனவரியில் தடையை நீக்கியது. பாதியிலேயே நீக்கியது நமக்கு உடன்பாடல்ல. ஓராண்டு என்று சொன்னால் ஓராண்டாக இருக்க வேண்டும். ஆனால் பெரிய மேடையிலிருந்து இறக்கி, மைதானத்திலிருந்து ஒரேயடியாக விரட்டிவிடாமல், பக்கத்தில் ஓர் ஆலோசகரை உட்கார வைத்த முறை சரியானது. மெண்டிஸ் அதே ஆண்டு ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே ஒரு பையன் ஏன் இத்தனை கோபத்தோடு மைதானத்துக்கு வருகிறான் என்று கேட்டால் காரணத்துக்குப் பஞ்சமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. மீரியபெத்தை நாளில் மூன்றாம் நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் இன்று அணிகளில் ஆடும் இளைஞர்கள். படித்தும் வேலையில்லை, கொழும்பில் கடை வேலைக்குப் போனால் மரியாதையில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி "பாவம், விட்டுவிடுங்கள்" என்று கேட்கிற பெரியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அடிவாங்கிய பையனும் அதே லயத்தில் வளர்ந்தவன். அவன் அம்மாவும் அதே மலையில் கொழுந்து எடுக்கிறாள். முழங்கால் போய் அவன் ஒரு மாதம் படுத்தால் மருந்துச் செலவு அந்த அம்மாவின் நாட்சம்பளத்திலிருந்துதான் போகிறது. அதனால் கோபத்துக்குக் காரணம் உண்டென்று ஒப்புக்கொள்கிறோம், உரிமை உண்டென்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

எதிரணி பக்கத்துச் சிங்களக் கிராமத்து அணியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஊவாவில் மைதானச் சண்டை மைதானத்தோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஓர் உதைக்குப் பின்னால் இனத்தைச் சொல்லும் ஒரு வசவு வந்துவிட்டால், மாலையில் பஸ் ஏறிப் போகிற பெண் பிள்ளைகள்கூட அதன் பலனை அனுபவிக்க நேரும். வசவு நம் பையன் வாயிலிருந்து வந்தாலும் அவர்கள் பையன் வாயிலிருந்து வந்தாலும் அதை உதையைவிடப் பெரிய குற்றமாகவே எழுதி வைக்க வேண்டும்.

கழகத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைவரின் மச்சான் கை நீட்டினால் "ஆட்டத்தில் சகஜம்", அப்பனில்லாத பையன் கை நீட்டினால் "ரவுடி" என்கிற கணக்கு எந்த அணியையும் திருத்தாது. விதி என்ன என்று முதலில் எழுதுங்கள். (மேலிடத்தைப் பார்த்துப் படிக்கவும் வழியில்லை. நம் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே பீபா 2023 ஜனவரியில் இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டது. தலையே நேராக நிற்காத இடத்தில் பதினெட்டு வயதுப் பையனை மட்டும் நேராக நில் என்கிறோம்.)

"நாங்கள் நிறுத்தினால் அவன் அடுத்த தோட்டத்துக்குப் போய் எங்களுக்கே கோல் அடிப்பான்" என்பார்கள். அடிக்கட்டும். யுனைட்டட் ஒரு புள்ளியில் பட்டத்தையே விட்டது. கோப்பை தவறிப்போனால் அடுத்த வருசம் இன்னொரு கோப்பை வரும்.

எனவே நமது தீர்ப்பு: முதல் தடவையும் இரண்டாம் தடவையும் அவனைக் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள், விரட்டாதீர்கள். அணியே முன்வந்து தண்டியுங்கள்; எதிரணி முறைப்பாடு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடிபட்டவன் வீட்டுக்கு அணித்தலைவரும் அவனும் சேர்ந்து போய் மன்னிப்புக் கேட்டு, மருந்துச் செலவைக் கொடுத்துவிட்டு வரட்டும். தடைக் காலத்தில் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அவன் பந்தடிக்கச் சொல்லிக்கொடுக்கட்டும். மூன்றாம் தடவையும் கை நீட்டினால் அணியிலிருந்து விலக்குங்கள். அவனைக் கேட்டு வருகிற தோட்டத்திடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். தெரிந்தே ஏற்றுக்கொள்ள முன்வந்தால் ஒரு ரூபாய்கூட வாங்காமல் அனுப்புங்கள். தடையில் இருக்கும் நாட்களில் ஆட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். பயிற்சிக்கு மட்டும் ஒருநாளும் விடாமல் கூப்பிடுங்கள்.