சூறாவளியாகுமா?

வங்கக் கடலில் தாழமுக்கம் என்ற செய்தி வந்தால், நல்லூரில் யாவரும் வினவுவது ஒன்றே: "சூறாவளியாகுமா?" மாரி பொய்த்த ஆண்டில் அவ்வினாவில் அச்சத்தினும் ஆவலே மிகுதி. ஆயினும் வினா பிழை என்பேன். மழையின் மிகுதி காற்றின் வலியைப் பொறுத்ததன்று. 2020 டிசெம்பர் 2ஆம் நாள் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறிய புரெவி, பின்னர் மெலிந்து மன்னார் வளைகுடாவில் தயங்கிற்று, மழையோ மெலியவில்லை. யாழ்ப்பாண வீதிகளில் வெள்ளம் நின்றது. அதில் எத்துணை நம் கிணறுகளைச் சேர்ந்தது?

வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லினுள் உவர்நீர்மேல் மிதக்கும் நன்னீரே நம் உயிர்; மழை நிலத்தினுள் ஊறினாலன்றி அது வளராது. நாமோ குளங்களைத் தூரவிட்டு, வானிலை அறிக்கைக்குச் செவி சாய்த்திருக்கிறோம். ஐப்பசி பிறக்குமுன் ஊர்க்குளத்தைத் தூர்வாரி, வாய்க்காலைத் திறந்துவிடல் வேண்டும். அதன்பின் தாழமுக்கம் எப்பெயர் பூண்டு வரினும் வருக.