ஒரு மில்லிமீட்டர் தமனியை அளப்பது

நெற்றிப்பொட்டில் துடிக்கும் மேலோட்டப் பொட்டுத் தமனி, வெளிக் கரோட்டிட் தமனியின் இரு இறுதிக் கிளைகளில் சிறியது. பரோட்டிட் சுரப்பிக்குள் தோன்றிக் காதுக்கு முன்னால் கன்ன எலும்பு வளைவைக் கடந்து மேலேறி, நெற்றிக் கிளை, பரைட்டல் கிளை என இரண்டாகப் பிரிகிறது. பெரும்பாலோருக்கு இந்தப் பிரிவு வளைவுக்கு மேலேயும், சிலருக்கு வளைவின் மீதோ அதற்குக் கீழேயோ அமையும். தண்டின் விட்டம் சுமார் 2 மி.மீ.; கிளைகள் இன்னும் ஒடுங்கியவை. 1967-இல் சூரிக்கில் நரம்பியல் அறுவை மருத்துவர் யாசர்கில் இதை மூளையின் நடுத் தமனியோடு இணைத்ததிலிருந்து, மூளைக்குச் செல்லும் தமனிகள் ஒடுங்கும் மோயாமோயா நோயாளிக்கு எந்தக் கிளையை எடுப்பது என்ற முடிவு ஸ்கேனில் தெரியும் அளவையும் சார்ந்திருக்கிறது. 1 மி.மீ.க்குக் குறைந்த கிளையென்றால் அறுவை மருத்துவர் தயங்குவார். அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பதே கேள்வி.

சி.டி. ஆஞ்சியோவில் 250 மி.மீ. பரப்பை 512 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் ஏறக்குறைய 0.49 மி.மீ. அதாவது 1 மி.மீ. கிளை இரண்டே கட்டங்களில் அடங்கிவிடும். குறிமுனை அரைக் கட்டம் நகர்ந்தாலே அளவு கால் பங்கு மாறும். படத்தைக் காட்டும் ஒளிர்வு வரம்பான விண்டோவின் மையத்தைத் தாழ்த்தினால் தமனி தடிக்கும், உயர்த்தினால் மெலியும். ஆனாலும் விண்டோ அமைப்பைக் குறிப்பிடாத அறிக்கைகளே அதிகம். ஒளிர்வின் அரை உயரத்தில் அகலத்தை எடுக்கும் முறை இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கிறது. ஆனால் மிகச் சிறிய கிளைகளில் அது தமனியின் அகலத்தை விட்டுக் கருவியின் மங்கலையே அளக்கத் தொடங்கிவிடும். 0.6 மி.மீ. கிளை 0.9 என்று பதிவாவது இப்படித்தான்.

தமனியும் ஒரே நிலையில் இருப்பதில்லை. குளிரும் வலியும் அதைச் சுருக்கும். சாயம் வந்துசேரும் நேரம் தவறினால் நுனிக் கிளைகள் படத்தில் தெரியாமலே போகும். சாயமில்லா எம்.ஆர். ஆஞ்சியோவில் மெதுவான ஓட்டம் மறைந்துவிடும். அல்ட்ராசவுண்டில் கருவியைச் சற்று அழுத்தினாலே தமனி தட்டையாகும். மாற்றாகக் கருதப்படும் பின்னந்தலைத் தமனியை, மல்லாந்து படுத்தவரின் தலையணைத் தாங்கியே நசுக்கியிருக்கக்கூடும். அறுவை அரங்கின் அளவோடு ஒப்பிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஸ்கேன் காட்டுவது உள்விட்டம், நுண்ணோக்கியின் கீழ் தெரிவது சுவரோடு சேர்ந்த வெளிவிட்டம்.

இத்துறைக் கட்டுரைகள் பெரும்பாலும் அளவீடுகளின் ஒத்திசைவைக் காட்டும் ஐ.சி.சி. (உள்வகுப்புத் தொடர்புக் கெழு) எண்ணோடு நின்றுவிடுகின்றன, இது போதாது. அளக்கப்பட்டவர்களின் தமனிகள் தமக்குள் பெரிதும் வேறுபட்டிருந்தால், அளப்பவர் தடுமாறினாலும் ஐ.சி.சி. உயர்ந்தே நிற்கும். 1986-இல் புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் முன்வைத்த ஒப்புமை எல்லைகள் மி.மீ.யிலேயே பேசுகின்றன. இரு வாசிப்பாளர்களுக்கு இடையிலான வேறுபாடு கூட்டியும் கழித்தும் 0.3 மி.மீ. வரை போகுமானால், 0.9-க்கும் 1.1-க்கும் இடையே அந்த முறையால் தீர்ப்புச் சொல்ல இயலாது. மேலும் ஒரே படத்தை இருவர் வாசிப்பது வாசிப்பின் நம்பகத்தை மட்டுமே சோதிக்கிறது. மீண்டும் படமெடுத்தால் என்ன வரும் என்பது தனிக் கேள்வி. கதிர்வீச்சைக் கருதி அதைச் சி.டி.யில் கேட்க முடியாது, அல்ட்ராசவுண்டில் கேட்கலாம்.

இதே தமனியைத் தாக்கும் இராட்சதச் செல் தமனி அழற்சியில் இந்த அளவீட்டுச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 2017-இல் வெளியான ஷேஃபர் குழுவின் ஆய்வு, சுவர்த் தடிப்புக்கு வெட்டு எல்லையாகத் தண்டில் 0.42, நெற்றிக் கிளையில் 0.34, பரைட்டல் கிளையில் 0.29 மி.மீ. என்று தந்தது. இரு கிளைகளுக்கும் இடையே 0.05 மி.மீ.தான் வித்தியாசம். கிளையை மாற்றி அடையாளம் கண்டாலே தவறான எல்லையோடு ஒப்பிட நேரும்.

ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் போன்ற பழவேற்காட்டு ஏரிப் பகுதி ஊர்களிலிருந்து வரும் ஒருவருக்குப் படம் ஓரிடத்திலும் அறுவை சென்னையிலும் அமையலாம். அவர் கையில் ஃபிலிம் மட்டுமே இருந்தால், சுருக்கி அச்சிட்ட அந்தப் படத்தில் அளவுகோலை வைத்து அளப்பது வீண். மெல்லிய துண்டுகள் முழுவதும் பதிந்த குறுந்தகடு வேண்டும். அதைப் படமெடுக்கும் இடமே கொடுத்தனுப்ப வேண்டும். மீன்பிடிப்பில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவரை மறு ஸ்கேனுக்காக இன்னொரு முறை அலைக்கழிப்பது அநியாயம். அறிக்கையில் துண்டின் தடிமன், விண்டோ, அளந்த இடம் கன்ன எலும்பு வளைவிலிருந்து எவ்வளவு தொலைவு, அந்தத் தொலைவு எந்தத் தளத்தை வைத்துக் கணிக்கப்பட்டது ஆகியவை இடம்பெற வேண்டும். தலை சாய்ந்தால் தொலைவும் மாறும் என்பதால் கண்குழியின் கீழ் விளிம்பையும் காதுத் துளையின் மேல் விளிம்பையும் இணைக்கும் ஃபிராங்ஃபர்ட் தளத்துக்குப் படத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. எல்லைக்கோட்டில் நிற்கும் கிளையை, கீறலுக்கு முன் டாப்ளரால் தோலின் மேலேயே தடம்பற்றிக் குறித்துக்கொள்ளலாம்.